சஃபாக்ஸ் மேலே இரண்டு சுற்று

பதினாறு வருடம் அந்த விளையாட்டை நான் திட்டிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் போட்ட கூஸ்கூஸைச் சாப்பிட்டுக் கை கழுவியதும், என் கணவன் லஸாத் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஹெட்போனை மாட்டி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் மாலைத் தேநீருக்குத்தான் வெளியே வருவான். பழைய உலகப் போர் விமானங்களைக் கணினியில் ஓட்டும் விளையாட்டு அது. பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் இணைந்து, இரண்டு பக்கமாகப் பிரிந்து மோதிக்கொள்வார்கள்.

அதில் எல்லாருக்கும் சண்டை விமானம்தான் வேண்டும். சீறிப் போய் நாலு பேரைச் சுட்டால் பெயர் வாங்கலாம். லஸாத் மட்டும் குண்டு போடும் விமானம் ஓட்டினான். இரண்டு எஞ்சின், கனத்த உடம்பு, ஆமை நடை. அதற்கு அவன் வைத்த பெயரே கழுதை. மால்டா தீவிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே கடல், மேலே வானம், வேறொன்றும் கிடையாது. குண்டு போடுவது அரை நிமிட வேலை. பிறகு வந்த வழியே இன்னொரு மணி நேரம்.

"இதுக்குப் பேரு விளையாட்டா?" என்று ஒரு தடவை கேட்டேன். "லாரி ஓட்டுறவன் கூட நடுவுல இறங்கி டீ குடிப்பான்."

"லாரிக்காரனுக்கு இவ்வளவு வானம் கிடைக்குமா, வஸீலா?" என்றான்.

அவன் நில அளவைக்காரன். எங்கள் ஊர் சஃபாக்ஸைச் சுற்றியுள்ள ஒலிவத் தோப்புகளில் அவன் கால் படாத வரப்பு இல்லை. எந்தச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் வடக்கு எது என்று சொல்லிவிடுவான். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி, ஊரில் பாதிப் பேரை ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் நாள் முழுக்கப் பேசுவேன், அவன் கேட்டுக்கொள்வான். அப்படியே பழகிவிட்டது.

அவனுக்கு ஐம்பத்தொரு வயதானபோது கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபோதே இடது கண் பெரும்பாலும் போயிருந்தது. வலது கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்றான். இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தத் துவாரமும் அடைந்தது.

வேலையை விட்டான். யாரோ கொண்டுவந்து கொடுத்த வெள்ளைத் தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். தெருவுக்குப் போவதை நிறுத்தினான். ஜாய்ஸ்டிக், கால் மிதி, ஹெட்போன் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, தன் கையாலேயே தடவித் தடவி டேப் ஒட்டி, அலமாரி மேல் ஏற்றினான். கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். முன்பும் அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அப்போதைய மௌனத்தில் அவன் இருந்தான். இந்த மௌனத்தில் யாரும் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் பாத்திரம் கழுவிவிட்டு அறைக்குள் போனேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். காதோரம் போன். நான் வந்தது தெரியவில்லை. குனிந்து கேட்டேன். பாட்டு இல்லை, குர்ஆன் ஓதலும் இல்லை. இரண்டு எஞ்சின்கள் ஒரே சீராக ஓடும் இரைச்சல். யாரோ இணையத்தில் ஏற்றி வைத்த ஒரு மணி நேர இரைச்சல். அதைக் கேட்டபடி அவன் விரல்கள் போர்வையின் மேல் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

நாற்காலியைப் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினேன்.

"என்ன சத்தம்?" என்றான்.

"எழுந்து வா. எந்த ஒயர் எங்கே போகும்னு சொல்லு."

"வஸீலா, வேணாம்."

"உனக்கு வேணாம். எனக்கு வேணும். பதினாறு வருஷம் நீ அப்படி என்னதான் இதுல பார்த்தியோ, அதை நானும் பார்க்கிறேன்."

அவன் காதோரம் இருந்த போனை நிறுத்தினான். பிறகு, "கறுப்பு ஒயர் பின்னாடி, கீழ் ஓட்டையில" என்றான்.

முதல் நாள் நான் ஒன்பது தடவை விமானத்தை உடைத்தேன். என் நாற்காலிக்கு வலப்பக்கம் அவன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"கிளட்ச் எங்கே?"

"கிளட்ச் கிடையாது."

"பிரேக்?"

"இருக்கு. ஆனா மேலே போனதும் அதை மறந்துடு."

"பிரேக்கை மறக்கச் சொல்ற வாத்தியாரை இப்பத்தான் பார்க்கிறேன்."

மூன்றாவது தடவை ஓடுபாதையை விட்டு விலகி ஒரு கூடாரத்தில் மோதினேன். ஆறாவது தடவை மேலேயே போய்விட்டேன், அடுத்த நிமிடம் தலைகீழாகக் கடலில். லஸாத் கண்ணை மூடியபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். "இடது எஞ்சின் பின்தங்குது. ரெண்டு சத்தமும் உரசுது பாரு, வூம் வூம்னு? அது ஒண்ணாகிற வரைக்கும் கொஞ்சமா ஏத்து." ஏற்றினேன். உரசல் நின்றது. இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் பாடின. பத்தாவது தடவை மேலேறினேன், கீழே தரை சிறுத்து, கடல் விரிந்தது.

"மேலே இருக்கோமா?" என்று கேட்டான்.

"இருக்கோம்."

"என்ன தெரியுது?"

"தண்ணி. தண்ணி மேல சின்னச் சின்ன வெள்ளைக் கோடு. தூரத்துல ஒரு மேகம், கழுவாத கம்பளி மாதிரி."

அவன் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தில் அப்படியொரு சாந்தத்தைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவன் சேர்ந்திருந்த சர்வரில், எல்லாரும் இணைந்து விளையாடும் அந்தக் களத்தில், ஒரு கண்டிப்பு உண்டு. நீ எங்கே இருக்கிறாய் என்று வரைபடம் காட்டாது. வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கடலில் தொலைந்துபோவார்கள். இந்த ஒன்று மட்டும் லஸாத்துக்குக் கண் இல்லாமலே முடிந்தது. நான் முள்ளைப் பார்த்து எண்களை வாசிப்பேன், அவன் மனதுக்குள் கோடு இழுப்பான். "கீழே கப்பல் தெரியுதா? புகை எந்தப் பக்கம் சாயுது?" என்பான். நான் சொன்னதும், "அப்ப காத்து நம்மைத் தெற்கே தள்ளுது. மூணு டிகிரி வலப்பக்கம்" என்பான்.

அவன் கைக்கு ஏதாவது பிடிமானம் இருக்கட்டும் என்று ஒரு பலகையில் கம்பளி நூலைக் கடற்கரையாக ஒட்டினேன். ஊர்களுக்குக் கொண்டைக்கடலை. தீவுகளுக்கு ஒலிவக் கொட்டை. விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"கெர்கென்னாத் தீவை இவ்வளவு பக்கத்துல ஒட்டியிருக்க. அங்க இருக்கிறவன் காலையில நீந்தியே சந்தைக்கு வந்துடுவான் போல."

"அளந்து ஒட்ட நான் என்ன சர்வேயரா?"

பிய்த்து, அவன் சொன்ன இடத்தில் மறுபடி ஒட்டினேன்.

இரண்டு மாதம் தனியாகப் பழகிய பிறகுதான் அவனுடைய பழைய அணிக்குத் திரும்பினோம். ஆறு விமானங்கள் கொண்ட அணி. தலைவர் வென்ஸு, மால்டாக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர். அவர் பேசும் மால்டா மொழி நம் அரபியைத் தண்ணீரில் அலசி இத்தாலிய வெயிலில் காயப்போட்டது மாதிரி இருக்கும். பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் விமானத்தின் வால் துப்பாக்கியில் இருப்பவர் கத்தூர். அல்ஜீரியாவில், ஓரானில், டவுன் பஸ் டிரைவர். லஸாத்துடன் ஏழு வருடம் பறந்தவர், ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை.

"ஒரு வருஷமா எங்கடா போன?" என்றார் கத்தூர், முதல் நாள்.

"வேலை," என்றான் லஸாத்.

"பக்கத்துல பொம்பளைக் குரல் கேக்குதே?"

"என் வீட்டுக்காரி. பக்கத்துல உட்கார்ந்து எண்களை வாசிக்கிறா. எனக்குக் கண்ணாடி மாத்தணும்."

"சலாம் தங்கச்சி. இவனைக் கட்டிக்கிட்டுச் சமாளிக்கிறியே, உனக்குச் சொர்க்கத்துல தனி வீடு."

நான் சலாம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுவது நான் என்று சொல்ல லஸாத்துக்கு விருப்பமில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் மறைக்கிற கை எத்தனை நாள் மறைக்கும்? தரை இறங்கும்போது நான் மூன்று துள்ளல் துள்ளித்தான் நிற்பேன். "லஸாத், முன்னாடி பஞ்சு மேல வைக்கிற மாதிரி வைப்பியே" என்று கத்தூர் முனகுவார். "இப்ப வெங்காய மூட்டையைத் தூக்கிப் போடுற மாதிரி போடுற."

ஐந்தாவது ஞாயிறு. குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுக்கடல்.

"லஸாத், கொஞ்சம் வலப்பக்கம் பாரேன்," என்றார் கத்தூர். "தூரத்துல ஒரு புள்ளி. நம்ம ஆளா, எதிரியா? இந்தப் பக்கம் என் துப்பாக்கி திரும்பாது."

நான் தலையைத் திருப்புவதற்குள் லஸாத், "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். எதிரிதான் வந்தான். வலது இறக்கையில் நாலு ஓட்டை போட்டான், அந்தப் பக்க எஞ்சின் நின்றது. கத்தூர் எப்படியோ சுட்டு விரட்டினார். ஒற்றை எஞ்சினில் தத்தளித்து மேகத்துக்குள் புகுந்தோம்.

"அவ்வளவு பெருசா இருந்தான்டா," என்றார் கத்தூர். கோபம் இல்லை, குழப்பம்தான். "எப்படித் தெரியாமப் போச்சு?"

லஸாத் ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றினான், அவிழ்த்தான்.

"எனக்குப் பார்வை போயிடுச்சு, கத்தூர்."

எஞ்சின் சத்தம் மட்டும்.

"எப்போ?"

"போன வருஷம். முழுசா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"அப்ப இவ்வளவு நாளா இதை ஓட்டுறது?"

"நான்தான் அண்ணே," என்றேன். "வஸீலா."

கத்தூர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். கடைசியில் தொண்டையைக் கனைத்தார். "அதானே பார்த்தேன். லாண்டிங்ல என் கடைவாய்ப் பல்லு ரெண்டு ஆடுது. தங்கச்சி, நீ கார் சொல்லிக்கொடுக்கிறவள்னு இவன் சொல்லியிருக்கான். உன்கிட்ட படிச்சவங்க உயிரோட இருக்காங்களா?"

லஸாத் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. ஒற்றைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அதைப் பற்றி கத்தூர் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் அவர் பேச ஆரம்பித்தார். ஏழு வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னார். "லஸாத், பின்னாடி மால்டா சின்னதாகிட்டே போகுது. கரையில அலை வெள்ளையா ஒரு கோடு. நம்ம நிழல் தண்ணி மேல ஓடி வருது. இடப்பக்கம் வென்ஸு வர்றார், அவர் இறக்கையில வெயில் பட்டுப் பளபளன்னு இருக்கு. மேலே கொக்கு மாதிரி ரெண்டு, நம்ம பசங்கதான், கவலைப்படாதே." பஸ்ஸில் நிறுத்தம் சொல்லிப் பழகிய குரல். நான் முன்னால் இருப்பதைச் சொன்னேன். அவர் பின்னால் இருப்பதைச் சொன்னார். நடுவில் உட்கார்ந்து லஸாத் முழு வானத்தையும் கட்டிக்கொண்டான்.

குளிர்காலம் வந்தது. ஒரு ஞாயிறு எல்லாரும் கூடியதும் வென்ஸு அன்றைய இலக்கை அறிவித்தார். போர்முனை மேற்கே நகர்ந்துவிட்டதாம். எதிரியின் சரக்குக் கப்பல்கள் இறங்கும் துறையை உடைக்க வேண்டும்.

"சஃபாக்ஸ் துறைமுகம்," என்றார்.

நான் லஸாத்தைப் பார்த்தேன். அவன் பலகையில் கம்பளிக் கரையைத் தடவிக்கொண்டே போய் ஒரு கொண்டைக்கடலையில் விரலை நிறுத்தினான்.

"உங்க ஊராச்சே," என்றார் கத்தூர். "இன்னைக்கு வேணா விட்டுடலாமா?"

"விளையாட்டுதானே," என்றான் லஸாத். "திசை இருநூற்று நாற்பத்தொன்பது, வஸீலா. அறுபத்திரண்டாவது நிமிஷம் கெர்கென்னா."

மேலே போய் அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் வாயைத் திறந்தான். லாம்பெதூசா தீவு வலப்பக்கம் தெரிகிறது என்று நான் சொல்லியிருந்தேன்.

"எங்கப்பாவுக்கு அப்ப நாலு வயசு," என்றான். எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னான். "குண்டு விழ ஆரம்பிச்சதும் ஊரே தோப்புக்கு ஓடியிருக்கு. அப்பாவைக் கழுதை மேல உட்கார வச்சுக் கூட்டிப் போனாங்களாம். மூணு வாரம் கழிச்சு வந்து பார்த்தா, தெருவில அவங்க வீட்டுக் கதவு மட்டும் நிக்குதாம். பூட்டு கூட திறக்கலை. பின்னாடி வீடு இல்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். பூட்டின கதவு, பின்னாடி வானம்னு."

"யார் போட்ட குண்டு?" என்றார் கத்தூர்.

"நம்ம பக்கம்தான். இப்ப நாம ஓட்டுற மாதிரி விமானம்தான்."

கடல் போய்க்கொண்டே இருந்தது.

அறுபத்திரண்டாவது நிமிடம் கெர்கென்னா வந்தது. ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை. "தட்டையா, பழுப்பா, தபூனா ரொட்டி மாதிரி கிடக்கு" என்றேன். "பனை மரம் போட்டிருக்காங்களா?" என்று கேட்டான். "அங்கங்கே."

தெற்கே கொஞ்சம் சுற்றி, தென்கிழக்கிலிருந்து துறைமுகத்தை நெருங்கினோம். முன்னால் என் ஊர். நான் பிறந்து வளர்ந்த ஊரை மேலேயிருந்து நான் பார்த்ததே இல்லை. அது என் ஊரே இல்லை என்றும் சொல்லலாம். வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள். ஆனால் பழைய ஊரின் மதில் இருந்தது, சதுரமாக, மஞ்சளாக, சரியான இடத்தில்.

"மதில் தெரியுதா?" என்றான்.

"தெரியுது."

"பெரிய பள்ளிவாசல்?"

"மினாரா ஒண்ணு இருக்கு. வேற ஏதோ ஊர் மினாராவை எடுத்து நட்டிருக்காங்க."

பீரங்கிகள் சுட ஆரம்பித்தன. எங்களைச் சுற்றிக் கறுப்புப் பூக்கள் வெடித்தன. எனக்கு முன்னால் போன ஐந்து விமானங்களும் குண்டுகளை உதிர்த்துவிட்டுத் திரும்பின. நான் குறி பார்க்கும் கண்ணாடிக்குள் குனிந்தேன். கப்பல் துறை கீழேயிருந்து மெல்ல நகர்ந்து குறியை நோக்கி வந்தது. அதற்குப் பின்னாலேயே, ஒட்டினாற்போல, மதில். முதுகில் காற்று. பொத்தானின் மேல் விரல் வைத்தேன். துறை குறிக்குள் வந்தது. தாண்டிப் போனது.

"போட்டாச்சா?" என்றான் லஸாத்.

"போடலை."

"ஏன்?"

"துறைக்கும் மதிலுக்கும் நடுவுல விரல் அகலம்தான் இருக்கு, லஸாத். காத்து வேற தள்ளுது. என் கை ஒரு நொடி பிந்தினா உங்கப்பா தெரு."

அது நிஜத் தெரு இல்லை என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அவன் பலகையை மடியில் வைத்து, நூலின் மேல் விரலை முன்னும் பின்னும் ஓட்டினான்.

"இடப்பக்கம் திரும்பு. ஊருக்குத் தெற்கே போய் வளைஞ்சு வா. கரையோரமாவே வடகிழக்கே பற. கரை உன் இடது கைப்பக்கம் இருக்கணும். அப்படி வந்தா குண்டு முந்தினாலும் பிந்தினாலும் துறையிலதான் விழும், இல்லைன்னா தண்ணியில."

"அப்படின்னா பீரங்கி வரிசை முழுக்கத் தாண்டி வரணுமே."

"ஆமா."

அதற்குள் வென்ஸு எங்கள் விமானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "கழுதை, எல்லாரும் வீடு திரும்பறோம். நீ மட்டும் எங்க போற?"

"ஒரு சுத்து பத்தலை. இன்னொரு சுத்து," என்றான் லஸாத்.

"தனியா போனா செத்தீங்க."

"சாகுறதுன்னா மூணு பேருமா சாகுறோம், வென்ஸு," என்றார் கத்தூர். "நீங்க கிளம்புங்க. டீ ஆறிடும்."

வளைந்து வந்தோம். கரை என் இடது பக்கம். உப்பளம், ரயில் பாதை, பிறகு துறை. இந்தத் தடவை எல்லாப் பீரங்கிக்கும் நாங்கள் மட்டும்தான் குறி. விமானம் பள்ளம் மேடு தெருவில் போகிற என் பயிற்சிக் கார் போல உதறியது. "நேரா பிடி," என்றான் லஸாத், மிக மெதுவாக. "நேரா. உன்னால முடியும். நேரா." குறிக்குள் துறை வந்தது. நீளவாக்கில் வந்தது, முடிவில்லாமல். பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திய மறு நொடி வலது எஞ்சின் தீப்பற்றியது.

"கத்தூர், என்ன தெரியுது?" என்றான் லஸாத்.

"முதல் ரெண்டும் தண்ணியில. மூணாவது கப்பல் மேல, அய்யோ, நல்லா விழுந்திருக்கு. மிச்சம் எல்லாம் துறையில. கறுப்புப் புகை."

"மதில்?"

கத்தூர் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "மத்தவங்க போட்டதுல ரெண்டு மூணு ஊருக்குள்ள விழுந்திருக்கு. மதிலுக்கு வெளியே, புது ஊர்ப் பக்கம். நம்மளது ஒண்ணு கூட விழலை, லஸாத். நான் கண்ணை எடுக்காமப் பார்த்தேன்."

"சரி," என்றான் லஸாத்.

மால்டா வரை போக முடியாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கெர்கென்னாவுக்கு முன்னால், ஆழமில்லாத கடலில், வயிற்றை வைத்து இறக்கினேன். ஒரு துள்ளல் கூட இல்லை.

"பார்த்தியா," என்றார் கத்தூர். "விமானமே இல்லாமப் போன அன்னைக்குத்தான் இவளுக்கு லாண்டிங் வந்திருக்கு."

திரையில், விமானம் இழப்பு, புள்ளி பூஜ்யம் என்று வந்தது. வாசித்துக் காட்டினேன். லஸாத் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு கேட்டான், "வெளியே வெளிச்சம் இருக்கா?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்."

"போயிட்டு வரலாமா?"

பதினான்கு மாதமாக நான் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி அது. எதுவும் பேசாமல் அவன் கோட்டை எடுத்து வந்தேன். தடி வேண்டாம் என்றான். என் தோளில் கை வைத்துக்கொண்டான்.

பழைய ஊரின் பாப் திவான் வாசலருகே காரை நிறுத்தி மதிலோரமாக நடந்தோம். அவன் இடது கையால் கல்லைத் தொட்டபடி வந்தான். கல் இன்னும் வெயில் சூட்டில் இருந்தது. பழக்கடைக்காரர் ஹம்தா அவனைப் பார்த்ததும் ஓடி வந்து, செவிடனிடம் பேசுவது போல, "எப்படி இருக்கே லஸாத்" என்று உரக்கக் கத்தினார்.

"கண்ணுதான் போச்சு, ஹம்தா. காது உன்னைவிட நல்லாவே கேக்குது. மெதுவாப் பேசு."

ஹம்தா என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு ஆரஞ்சுகளை அவன் கையில் திணித்தார். வாசலைத் தாண்டி உள்ளே நாற்பது அடி போனதும் லஸாத் நின்றான். "இங்கே இடப்பக்கம் ஒரு சந்து" என்றான். இருந்தது. "மூணாவது கதவு." அதுவும் இருந்தது. யாரோ பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். பின்னால் இப்போது வீடு இருந்தது. உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. அவன் கதவைத் தட்டவில்லை. மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "வா, குளிருது" என்றான்.

அதன்பின் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தடியைத் தொட இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. ஞாயிறு மட்டும் தவறவில்லை.

வசந்தத்தில் மஹ்தியாவில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை விருந்து. லஸாத் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்றான். "நீ போ. நான் தூங்குவேன்." மனசில்லாமல் போனேன். விருந்து முடியுமுன்பே கிளம்பி மூன்றரை மணிக்கு வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததும் உள்ளறையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"வேகம் சொல்லு."

ஒலிபெருக்கியில் கத்தூர். "முன்னூத்தி அஞ்சு. இந்தத் துப்பாக்கி இல்லாம முன்னாடி உட்கார எனக்கு என்னமோ அம்மணமா இருக்கிற மாதிரி இருக்குடா."

"பஸ் ஓட்டுறவன்தானே நீ. ஓட்டு. வென்ஸு, உங்க பக்கம் காத்து எப்படி?"

"கப்பல் புகை வடக்கே சாயுது," என்றார் வென்ஸு. "நீ சொல்லு, நாங்க வர்றோம்."

வாசலில் நின்று பார்த்தேன். என் நாற்காலி காலியாக இருந்தது. அவன் அவனுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். திரை அணைந்து கறுப்பாக இருந்தது. அவனுக்கு எதற்குத் திரை? ஆறு விமானங்களும் அவனுடைய கணக்கின் பின்னால் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஓட்டுவது யார் யாரோ. வழி அவனுடையது. நான் இல்லாமலே நடக்கிறது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் நான் ஊரில் இல்லை, அதற்குள் கத்தூர் என் இடத்தில்.

"வஸீலா," என்றான் லஸாத், திரும்பாமலே. "வந்துட்டியா?"

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"கல்யாண வீட்டு அத்தர் தெரு முனைக்கே வந்துடுச்சு. உட்காரு. கத்தூர் விமானத்துல வால் துப்பாக்கி காலியா இருக்கு. இவன் பின்னாடி பார்க்க ஆள் இல்லாமப் பயந்து சாகுறான்."

"நான் ஒண்ணும் பயப்படலை," என்றார் கத்தூர். "ஆனா வா, தங்கச்சி."

செருப்பைக் கழற்றிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையைப் போட்டேன். எஞ்சின் சத்தம் நிறைந்தது. வால் துப்பாக்கியின் கண்ணாடிக் கூண்டில் நான் முதல் முறையாக உட்கார்ந்தேன். இத்தனை மாதமும் போகிற வழியைத்தான் பார்த்திருந்தேன். இப்போது, கடந்து வந்ததெல்லாம் விரிந்து கிடந்தது.

"என்ன தெரியுது?" என்றான்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். அவன் என் கையைத் தேடிப் பிடித்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தன.

"நாற்பத்தி மூணாவது நிமிஷம்," என்றான் மைக்கில். "எல்லாரும் இடப்பக்கம் ரெண்டு டிகிரி."

ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பேரும் சரி என்றார்கள்.